பாட்டியின் வாதம் பேத்திக்கு வருமா?

கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகளில் பாட்டியின் முடக்குவாதத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். பேத்திக்கும் வந்துவிடும் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைப்பார்களே என்ற பயம். அந்த நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது, தொல்லையே அதுதான். முடக்குவாதம், சொரியாசிஸ், சிலவகைத் தைராய்டு கோளாறுகள் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் சில குடும்பங்களில் கூடுதலாகத் தென்படுகின்றன. அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு வேறொன்று என்றும் வரும். ஆனால் வம்சத்தில் இறங்குவது நோயல்ல, நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தாலும், மற்றவருக்கும் வருவது நூற்றில் சுமார் 15 பேருக்குத்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. கேட்டதும் பதறத்தான் செய்யும். நூற்றில் ஒருவருக்கு வருவதே அரிதான நோய்க்கு மூன்று மடங்கு என்றாலும் இரண்டு, மூன்று பேரைத் தாண்டாது. மரபணுவை மாற்ற முடியாது. ஆபத்தை ஏற்றிவிடும் சிகரெட்டை விடலாம்.

அப்படியானால் மரபணுவைச் சோதித்துவிடலாமே என்று கேட்பார்கள். முதுகெலும்பை இறுக்கும் அழற்சி நோய்க்கும் ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகைக்கும் உள்ள தொடர்பு 1973-லேயே வெளிவந்தது. ஆயினும் அது உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. வலியே இல்லாதவருக்கு இந்தச் சோதனை கவலையை மட்டும் விலைக்கு வாங்கித் தரும். குடும்ப வரலாறு பயன்படுவது அறிகுறி தோன்றும்போது: காலையில் விரல் மூட்டுகள் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், படுத்தால் கூடி நடந்தால் குறையும் இடுப்புவலி மூன்று மாதம் நீடித்தால், வாத நோய் நிபுணரிடம் போய் வீட்டு வரலாற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சை தள்ளிப்போகும் மாதங்களில்தான் மூட்டு அரிக்கப்படுகிறது.

காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைப்பதே புத்திசாலித்தனம் என்பது இன்னொரு வாதம். அவசியமே இல்லை. பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களில் மருத்துவர் கண்டறிந்ததோ சிகிச்சை அளித்ததோதான் ‘முன்பே உள்ள நோய்’. பாட்டியின் வாதம் அந்தக் கணக்கில் சேராது. மரபணுக் கோளாறு என்ற விலக்கைக் காட்டிக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2018-இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மாறாக, படிவத்தில் கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால் மறுப்பதற்கு நாமே காரணம் கொடுத்தவர்களாவோம். நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்; கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.