இடைவாசலுக்கு ஒரு திரை



வாடைக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் அக்கரைப்பற்றில் பல வீடுகளில் ஒரே முறைப்பாடுதான். "முன்கதவைச் சாத்தினாலும் குளிர் நிக்குதில்ல" என்பார்கள். நம்மூர்க் குளிர் நுவரெலியாக் குளிரல்ல. என்றாலும் மாரி மழையில் நனைந்த காற்று கடற்பக்கமிருந்து வந்து, பச்சைப் பிள்ளை படுத்திருக்கும் பாயில் இரவு முழுக்கப் பட்டால் பிள்ளைக்கும் நித்திரையில்லை, தாய்க்கும் நித்திரையில்லை. ஓதிக் கொடுக்கும் மௌலவிக்குத் திரைச்சீலையில் என்ன வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இதில் ஷரீஅத்தும் இருக்கிறது.

நம் வீடுகள் ஒரே தடவையில் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, உம்மா வாப்பாவும் இளைய பெண்மக்களும் பக்கத்து வளவுக்கோ, பின்னால் இறக்கிய பகுதிக்கோ போய்விடுவார்கள். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்கப் பேராசிரியர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இவ்வழக்கம் இக்கரையோரத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது என்று விரிவாக எழுதியிருக்கிறார். அப்படிப் பின்னால் இறக்கும்போது பழைய சுவரை உடைத்து ஒரு வழி விடுகிறோம். நிலையில்லை, கதவில்லை. மேலே வளைவு. புதிய பகுதியின் தரையோ ஒரு படி பள்ளம். எந்தத் தச்சனும் கதவு போட விரும்பாத வாசல் அது!

காற்றுக்கு நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். முன் யன்னலால் வருவது குசினிக் கதவால் போகிறது. நடுவிலிருக்கும் இடைவாசல் வயல் வாய்க்கால் போன்றது. அதை மறித்துவிட்டால் இரு பக்கமும் ஓட்டம் குறைந்துவிடும்.

கதவு போட முடியாவிட்டால் நல்ல திரையே போதும். ஆனால் பலர் திரையை வளைவுக்குள்ளேயே கட்டுகிறார்கள். மேலும் கீழும் காற்று தாராளமாகப் போகிறது. கம்பியை வளைவுக்கு மேலே, சுவரில் அறையுங்கள். இரு பக்கமும் அரை அடியாவது கூடுதலாக நீளட்டும். காற்று வரும் பக்கத்தில் தொங்கவிடுவதுதான் முக்கியம். அப்போது காற்றே சீலையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். மறுபக்கத்தில் கட்டினால் அதே காற்று சீலையைத் தூக்கி எறியும். திரை படிக்குக் கீழ்ப் பக்கம் வருமானால் பள்ளமான தரை வரை நீளம் விட்டுத் தையுங்கள். புதுச் சீலை வாங்க வேண்டியதில்லை. பழைய சாரம் இரண்டை இரட்டையாக மடித்துத் தைத்து, அடி மடிப்புக்குள் கழுவிக் காயவைத்த மணலைச் சிறு பைகளாக வைத்தால் பாரத்தில் நிற்கும். விறகடுப்பு எரியும் குசினியென்றால் புகை போகும் யன்னலை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நுளம்புத் திரியையும் விளக்கையும் திரைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். படுக்கும்போது விளக்கை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை அறிவீர்கள்.

சீலையைத் தெரிவு செய்யும்போதும் கவனம் வேண்டும். பிரயாணம் முடித்து வந்த நபி (ஸல்) அவர்கள், ஆயிஷா (றழி) அவர்கள் தொங்கவிட்டிருந்த உருவப்படமுள்ள திரையைக் கண்டு வெறுத்து அகற்றினார்கள். அன்னையவர்கள் அதை வீணாக்காமல் தலையணையாக்கிக் கொண்டார்கள். திரை கூடாதென்பது இதன் பொருளல்ல. அவர்களது இறுதி நாளான திங்கட்கிழமை ஸுபஹில், அபூபக்ர் (றழி) தொழுவித்துக் கொண்டிருக்க, அந்த அறையின் திரையை விலக்கி உம்மத்தைப் பார்த்துப் புன்னகைத்ததாக புகாரியில் வருகிறது.

இனி நான் சொல்ல வந்த விடயம். ஒரே கூரையின் கீழ் முன்பகுதியில் மகளும் மருமகனும், பின்பகுதியில் கல்யாணமாகாத தங்கச்சியும் இருக்கிறார்கள். மருமகனுக்கு மாமி மஹ்ரம், மச்சினி மஹ்ரமல்ல. மனைவி நிக்காஹில் இருக்கும் வரை அவளை மணக்க முடியாதென்பதால் அவள் மஹ்ரமாகிவிடுவாள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. அந்தப் பிள்ளை தலைமுடி காயவைக்கவும் இடமில்லாமல், முக்காட்டைக் கழற்றாமலே தன் சொந்த வீட்டில் நாளைக் கழிப்பது நமக்குத் தெரிவதில்லை. அவள் வாய் திறந்து சொல்லவும் மாட்டாள். உம்மாமார்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். மருமகன் திரைக்கு இப்பால் நின்று ஸலாம் சொல்லி, பதில் வந்த பிறகே உள்ளே வர வேண்டும். இதை அவர் மனம் கோணாமல் எடுத்துச் சொல்ல வேண்டியவர் மாமனார்.

பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே வர வேண்டுமென்று ஸூறா அந்நூரின் 58ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகிறான்: ஸுபஹுக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின். பருவமடைந்துவிட்டால் எல்லா நேரமும் கேட்க வேண்டும் என்பது அடுத்த வசனம். தட்டுவதற்குக் கதவில்லாத வாசலில் பிள்ளைக்கு இதை எப்படிப் பழக்குவது? திரை தொங்கினால், "திரைக்கு வெளியே நின்று கூப்பிடு மகன்" என்று சொல்லலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

கச்சான் காற்றுக் காலம் வந்ததும் திரையை ஓரமாக ஒதுக்கிக் கட்டுங்கள். அந்தப் புழுக்கத்தில் காற்றோட்டம் அவசியம். அந்த மூன்று நேரங்களிலும், மருமகன் வீட்டிலிருக்கும் வேளையிலும் மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.