கண்ணுக்குத் தெரியாத அளவுகள் – 14: கடைசி வீட்டுக் குழாய்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். லயத்தின் முதல் வீட்டில் குழாயைத் திறந்தால் வாளி மளமளவென்று நிறையும். கடைசி வீட்டில் நூல் போல ஒழுகும். தொட்டியடியில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தோன்றும். கடைசி வீட்டு அக்காவைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

சென்ற வாரம் டெசிபல் கணக்கைப் பார்த்தோம். இந்த வாரம் அந்தக் கணக்கோடு பந்திங் போவோம்.

செம்பனை சூழ்ந்த கோல லங்காட் மாவட்டத்தில், பந்திங்கை அடுத்த சுங்கை லாங்கில் தேசிய விண்வெளி மையம் இருக்கிறது. சூரியனின் வானொலி வெடிப்புகளைப் பதிவு செய்யும் காலிஸ்டோ கருவி 2012இல் அங்கே நிறுவப்பட்டது. சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் மான்ஸ்டைன் உருவாக்கிய கருவி அது. 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். தமிழ்நாட்டில் உதகமண்டலத்திலும் இதே வகைக் கருவி உண்டு.

இப்படிப்பட்ட ஏற்பி ஒன்று 'வந்தது இவ்வளவு' என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? நமக்கு அளவு தெரிந்த ஒரு சிக்னலை அதற்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைக் கொடுப்பது சிக்னல் ஜெனரேட்டர். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜெனரேட்டருக்குள்ளேயே ஒரு டிடெக்டர் உண்டு. வெளியே போகும் சக்தியை அது அளந்துகொண்டே இருக்கும். கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். ஆனால் அது காவல் காப்பது ஜெனரேட்டரின் வாசலை மட்டும்தான். அதற்கப்பால் நீளும் கேபிளில் நடப்பது அதற்குத் தெரியாது. அலைவெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேல்தோலிலேயே ஓடும், இழப்பும் ஏறும். 45 மெகாஹெர்ட்ஸில் 1 டெசிபல் இழக்கும் கேபிள் 870இல் ஏறத்தாழ 4.4 டெசிபல் இழக்கும். வாசலில் 1 மில்லிவாட் புறப்பட்டால் மறுமுனைக்கு 45 மெகாஹெர்ட்ஸில் 0.8 மில்லிவாட் வந்து சேரும், 870இல் 0.36தான். ஜெனரேட்டரின் திரையோ கடைசிவரை 1 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து, டிடெக்டரைக் கடைசி வீட்டில் வைப்பது. கேபிளின் மறுமுனையில் ஒரு பவர் ஸ்ப்ளிட்டரை மாட்டுவார்கள். அதன் ஒரு கை ஏற்பிக்கு, மறு கை டையோடு டிடெக்டருக்கு. டையோடு அந்த அலையைச் சிறிய டி.சி. மின்னழுத்தமாக மாற்றும். அந்த அழுத்தம் தனிக் கம்பி வழியே, சக்தியைத் தானாக நிலைப்படுத்தும் ஜெனரேட்டரின் ஏ.எல்.சி. உள்ளீட்டுக்குத் திரும்பிப் போகும். இனி ஜெனரேட்டர் தன் வாசலைப் பார்க்காது, கடைசி வீட்டின் குரலையே கேட்கும். கேபிள் தின்பதை அது தானாகவே ஈடுகட்டிவிடும்.

ஸ்ப்ளிட்டரில் இரண்டு மின்தடைகள் இருக்க வேண்டும், கைக்கு ஒரு 50 ஓம். மூன்று மின்தடை கொண்ட டிவைடர் பார்ப்பதற்கு அதே போல இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு மின்தடை அமைப்பில், அவை பிரியும் புள்ளியின் அழுத்தத்தை டிடெக்டர் நிலையாகப் பிடித்து வைக்கிறது. அதனால் ஏற்பியின் கண்ணுக்கு எதிரே இருப்பது சுத்தமான 50 ஓம் மூலம். ஏற்பிக்கு மிகச் சிறிய சிக்னல்தான் வேண்டுமென்றால், அதன் பக்கத்துக் கையில் அட்டனுவேட்டர் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

டையோடுக்கும் ஒரு குணம் உண்டு. சுமார் 10 மைக்ரோவாட்டுக்குக் கீழே, சக்தி இரட்டித்தால் அதன் அழுத்தமும் இரட்டிக்கும். சக்தி கூடிய நிலையில் 1.4 மடங்குதான் ஏறும். சூடு ஏறினாலும் அதன் பேச்சு மாறும். அதனால் இந்த ஏற்பாட்டில் திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. ஏற்பி இருக்கும் இடத்தில் ஒருமுறை பவர் மீட்டரை வைத்து அளந்து, மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. டிடெக்டரிலிருந்து திரும்பும் கம்பி கழன்றுவிட்டால், 'சக்தியே வரவில்லை' என்று ஜெனரேட்டர் நினைத்துக்கொள்ளும். உடனே தன்னால் முடிந்த மட்டும் தள்ளும். எதிரே இருக்கும் நுட்பமான ஏற்பி ஒரு நொடியில் கருகிப்போகக்கூடும். ஆகவே முதலில் டிடெக்டர் கம்பியை மாட்டுங்கள், இழுத்துப் பாருங்கள். அளவை அடியில் வைத்துச் சிக்னலைத் திறந்து, சொன்னபடி கேட்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு சிக்னலை அணைத்துவிட்டு, கடைசியாக ஏற்பியை இணையுங்கள். கடைசி வீட்டின் மௌனத்தைத் 'தேவை' என்று புரிந்துகொள்ளும் இயந்திரம் அது. மௌனத்தின் காரணத்தை விசாரிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போய் நாம் டிடெக்டர் வைக்க முடியாது. சுங்கை லாங்கில் வந்து விழும் அலையின் அளவைச் சொல்ல, ஏற்பியின் வாயில் நாம் வைக்கும் தெரிந்த சிக்னல் ஒன்றுதான் துணை. அந்த ஓரிடத்தில் கணக்கு பிசகினால், சூரியனைப் பற்றிய கணக்கும் பிசகிவிடும்.

சரி, அந்தப் பவர் மீட்டர் சரியாகச் சொல்கிறது என்பதற்கு யார் சாட்சி? அடுத்த வாரம் சாலாக் திங்கிக்குப் போவோம். நாட்டின் அளவுகளுக்கெல்லாம் மூல அளவு காக்கும் சீரிம் அளவியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது.

(தொடரும்)