ஹோர் ஏரியின் மிகை ஆக்சிஜன்: நைட்ரஜன் தரும் சான்று

அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ வறள் பள்ளத்தாக்குப் பகுதியிலுள்ள ஹோர் ஏரியை ஆண்டு முழுவதும் 3 முதல் 5 மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி மூடியிருக்கிறது. காற்றுத் தொடர்பு குன்றிய நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பனிக்கு அடியிலுள்ள நீரில், காற்றோடு சமநிலையுற்ற நீரில் இருக்கும் அளவைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு ஆக்சிஜன் கரைந்துள்ளது.

ஏரித்தளத்து நுண்ணுயிர்ப் படலங்களின் ஒளிச்சேர்க்கையே இதற்கு முழுக்காரணம் எனக் கருதத் தோன்றும். நைட்ரஜன் அதற்கு இடந்தருவதில்லை. ஒளிச்சேர்க்கையில் உண்டாகாத அவ்வாயுவும் தெவிட்டுநிலையைக் கடந்து, ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உள்ளது. எனவே உயிர்ச்செயல் சாராத ஒரு வழியும் இருத்தல் வேண்டும். கோடையில் பனியாற்றின் உருகுநீர், கரைந்த காற்றுடன் ஏரிக்குள் புகுகிறது. பனிமூடியின் அடிப்புறத்தில் நீர் உறையும்போது பனிப்படிகம் வாயுக்களை ஏற்பதில்லை. அவை எஞ்சிய நீரில் செறிகின்றன. மேற்புறப் பனியோ வறண்ட காற்றில் பதங்கமாகி நீங்குகிறது. நீர் வெளியேறுகிறது, வாயு தங்குகிறது. கரைந்த வாயுக்களின் மொத்த அழுத்தம் சுற்றியுள்ள அழுத்தத்தை விஞ்சும்போது குமிழ்கள் தோன்றிப் பனிக்குள் சிறைப்படுகின்றன. இச்செறிவுக்கு எல்லை வகுப்பது அதுவே.

நைட்ரஜனின் மிகுதியை ஆக்சிஜன் விஞ்சி நிற்கும் பகுதியில் ஒரு பங்கை ஒளிச்சேர்க்கைக்கு உரியதாகக் கொள்ளலாம். அதுவும், உருவான கரிமப்பொருள் சிதையாமல் வண்டலில் புதையும் அளவுக்கே நிலைக்கும். சிதைந்தால் அந்த ஆக்சிஜன் மீண்டும் செலவாகிவிடும்.