துணி துவைக்க விமானம் ஏறி வருகிறார்கள்!

கொல்கத்தாவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. துணி துவைக்க வருகிறவர்களும் உண்டு!

அன்னை தெரசா 1950-ல் தொடங்கிய சபையின் இல்லங்களில் தொண்டு செய்ய வருகிறவர்கள்தான் அவர்கள். மாணவர்கள், நர்சுகள், ஓய்வு பெற்றவர்கள். சிலர் ஒரு வாரம் இருப்பார்கள். சிலர் ஒரு மாதம்.

காலையில் டீ, ரொட்டி, வாழைப்பழம். பிறகு வேலை. காளி கோவிலை ஒட்டிய சத்திரத்தில் 1952-ல் திறக்கப்பட்டது 'நிர்மல் ஹ்ருதய்' இல்லம். அங்கே சாகக் கிடப்பவர்களின் துணியைக் கையாலேயே அலசிப் பிழிய வேண்டும். கஞ்சி ஊட்ட வேண்டும். பாஷை தெரியாது, சைகைதான்.

குழந்தைகள் இல்லத்தில் விஷயம் வேறு. ஏழு நாள் மடியில் இருந்த பிள்ளை எட்டாம் நாள் அந்த முகத்தைத் தேடும். அடுத்த வாரம் வேறு முகம். இது பிள்ளைகளின் மனதைக் கெடுக்கும் என்கிறார்கள், குழந்தை நல நிபுணர்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கம்போடியாவில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, அநாதை இல்லப் பிள்ளைகளில் சுமார் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்! அவர்களைப் பிரித்தது வறுமை. அந்தப் பிள்ளைக்குத் தேவை வந்து போகும் மடியா, வீட்டில் எரியும் அடுப்பா? இந்தியாவின் 2015-ம் ஆண்டுச் சட்டமும் குடும்பம்தான் முதலில், இல்லம் கடைசி வழி என்கிறது.

கொல்கத்தா இல்லங்களில் தொண்டர்கள் போன பிறகும் தொட்டில் அருகே நிற்பவர்கள், சம்பளத்துக்கு வேலை செய்யும் வங்காளப் பெண்கள். அவர்களுக்கு அங்கே 'மாசி' என்று பெயர். நம் ஊரில் சித்தி.