உங்களுக்குத் தெரியுமா? ரத்த வகையைப் பிரிக்கும் கொள்ளு!

● செல்களின் மேற்பரப்பிலும் பல புரதங்களிலும் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றில் குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதமே லெக்டின்.

● 1888-இல், லெக்டின் கொண்ட ஆமணக்கு விதைச் சாறு சிவப்பணுக்களைத் திரளவைப்பதை ஹெர்மன் ஸ்டில்மார்க் விவரித்தார்.

● கொள்ளிலுள்ள லெக்டின், 'ஏ' ரத்த வகையின் உட்பிரிவுகளில் ஏ1-ஐ ஏ2-விலிருந்து பிரித்தறிய ரத்த வங்கிகளில் பயன்படுகிறது.

● பலவகை லெக்டின்களைக் கண்ணாடித் தகட்டில் புள்ளிகளாகப் பதித்தால், அது 'லெக்டின் மைக்ரோஅரே'. ஒளிரும் சாயமேற்றிய புரதத்தையோ செல்களையோ அதன்மேல் விட்டுக் கழுவியதும், எந்தெந்தப் புள்ளிகள் ஒளிர்கின்றன என்பதை வைத்தே சர்க்கரைகளின் அமைப்பை ஊகிக்கலாம். 2005 வாக்கில் அறிமுகமான உத்தி இது.

● கல்லீரல் புற்றுநோயில் ஏஎஃப்பி (ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன்) என்ற ரத்தப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலியில் ஃபுகோஸ் என்ற சர்க்கரை சேர்வது அதிகரிக்கிறது. அந்த வகையைப் பிடித்துக் காட்டுவது மைசூர்ப் பருப்பின் லெக்டின்!