நாலு சீட்டும் ஒரு நாத்தனாரும்

குமுளி மலை ஏறுமுன் பஸ் மூச்சு வாங்கும் இடம்தான் எங்கள் லோயர் கேம்ப். மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கும் பெரியாறு மின்நிலையத்தில் என் கணவருக்கு வேலை. என் நாத்தனாரும் எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு 23 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. யாரோ திட்டுவது போலக் காதில் குரல் கேட்கும். சோற்றில் விஷம் என்பாள். மந்திரித்தும் பார்த்தோம். மருந்துக்குத்தான் கேட்டது.

போன வருஷம் ஒருநாள் காபி டம்ளரைக் கையில் கொடுத்தேன். பாதி தரையில்! "கை நடுங்குது மதினி, நான் என்ன செய்ய?" என்றாள். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். வாயோரம் எச்சில். கை வீசாத நடை. பத்து மணிவரை தூக்கம். தூரமாகி எத்தனை நாளாச்சு என்று கேட்டால், "அஞ்சு மாசமாச்சு" என்கிறாள். மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாத்திரை டப்பாவைக் கொட்டினேன். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்ஸபின். இது போக மாதம் ஒரு புளூபெனசின் ஊசி. நாலும் ஒரே நோய்க்கு! எப்படிச் சேர்ந்தது? முதல் டாக்டர் ஒன்று எழுதினார். நோய் முற்றி வேறு ஊரில் சேர்த்தபோது ஊசி வந்தது. அடுத்தவர் புதுசைத் தொடங்கி, பழையதை மெல்லக் குறைப்போம் என்றார். கொஞ்சம் தெளிந்ததும் நாங்கள் அவரிடம் மறுபடி போகவே இல்லை. பாதித் தப்பு எங்களுடையதுதான்.

"எல்லாத்தையும் குப்பையில போடு" என்றார் மாமியார். நான் விடவில்லை. முன்பு அப்படித் திடீரென்று நிறுத்தி, ஒரே மாதத்தில் அவள் நடுராத்திரி ஆற்றங்கரையில் போய் நின்றதை மறக்க முடியுமா?

எல்லாச் சீட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். கர்ப்பமில்லை என்று பார்த்தார்கள், சர்க்கரையும் பார்த்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: மூளையில் டோபமைன் என்ற பொருள் வந்து சேரும் வாசலை இந்த மருந்துகள் அடைக்கின்றன. ஒன்றே போதிய அளவு அடைத்துவிட்டால், மற்றவையும் அதே வாசலில்தான் போய் நிற்கும். குரல் கூடுதலாகக் குறைவதில்லை. நடுக்கமும் விறைப்பும்தான் கூடும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறியதால் மாதவிலக்கு நின்றிருக்கிறது. ஓலன்ஸபினால் எடையும் சர்க்கரையும் ஏறலாம்.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. ஜப்பானிலும் அரபு நாடுகளிலும் இப்படி இரண்டு மூன்றாகச் சேர்த்து எழுதுவதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு மருந்தைச் சரியான அளவில், போதிய வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதே முறையாம். இரண்டு மருந்து அப்படியும் பலிக்காவிட்டால் குளோசபின். அதற்கு வெள்ளை அணுக்களை அடிக்கடி சோதிக்க வேண்டும். சிலருக்குச் சேர்த்துத் தருவதும் தேவைப்படலாம். ஆகவே தோழிகளே, பக்கத்து வீட்டு மாத்திரையை எண்ணிப் பயமுறுத்தாதீர்கள்! நடுக்கத்துக்குத் தரும் மாத்திரையும் அதில் இருக்கும். எது எதற்கு, என்ன பக்கவிளைவு என்று டாக்டரிடமே கேளுங்கள். அதை அறிய நோயாளிக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே உரிமை தருகிறது.

ஒவ்வொன்றாகக் குறைக்க ஏழு மாதம் ஆனது. நடுவில் பத்து நாள் குரல் திரும்பியது. அந்தப் பத்து நாளும் நான் அவள் பக்கத்திலேயே பாய் போட்டேன். டாக்டரம்மா அளவை மாற்றினார், அடங்கியது. இப்போது ராத்திரி ஒரே மாத்திரை. விலக்கும் ஒழுங்காக வருகிறது.

எந்த மாத்திரை, என்று தொடங்கியது, என்று நின்றது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் அவளே எழுதி வைக்கிறாள். எழுத்து இன்னும் கொஞ்சம் கோணல்தான்.