பீகார் நிலநடுக்கமும் தொண்டர் பணியும்

ஆரணியில் பட்டுச் சேலை நெய்வோரிடம் நூலை நிறுத்தே கொடுப்பர். நெய்து முடித்த சேலையையும் நிறுத்தே வாங்குவர். சரிகை சிறிது குறைந்தாலும் அதற்கு விடை கூறுதல் வேண்டும். பிறர் பொருளைக் கையில் வாங்கியவர்க்கு இக்கட்டுப்பாடு இயல்பே. ஆனால், இடிந்த வீடுகளின் நடுவே பசித்த மக்கள் சூழ்ந்து நிற்கும்போது, நிறையும் கணக்கும் எவ்வாறு நினைவிற்கு வரும்? 1934-ஆம் ஆண்டில் பீகாரில் இவ்வினா எழுந்தது. அதற்கு விடை கண்டவர் தஞ்சையிற் பிறந்த தமிழர் ஒருவர்.

அவ்வாண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள், பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில், வட பீகாரும் நேபாளமும் நடுங்கின. மாண்டோர் தொகை பதினாயிரத்திற்கும் மிகுதி. முங்கேர் நகரத்துக் கடைத்தெரு கற்குவியலாயிற்று. முசாபர்பூர், தர்பங்கா முதலிய ஊர்களும் பேரழிவுற்றன. நிலம் பல இடங்களிற் பிளந்து, மணலும் நீரும் பீறிட்டு எழுந்தன. நீர் ஊறிய மணற்படுகை, அதிர்ச்சியால் தன் இறுக்கத்தை இழந்து குழம்புபோலாகி, மேலுள்ள மண்ணின் சுமையால் நெருக்குண்டு, கிடைத்த வெடிப்பின் வழியே வெளியே பாயும். இவ்வாறு பாய்ந்த மணல் வயல்களை மூடியது, கிணறுகளைத் தூர்த்தது. ஆறுகள் மலிந்த அந்நாட்டிலே மக்கள் குடிநீருக்கு அலைந்தனர்.

அந்நாளில் இராஜேந்திர பிரசாத் அரசியற் கைதியாக இருந்தார்; உடல்நலமும் குன்றியிருந்தார். நிலநடுக்கம் நிகழ்ந்த இரண்டாம் நாள் அவர் விடுதலை பெற்றார். நோய் தீரும்வரை காத்திராது, பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்துப் பணியில் இறங்கினார். தொண்டர்கள் சிற்றூர்தோறும் சென்றனர். உணவும் உடையும் வழங்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தூர்ந்த கிணறுகளில் இறங்கி மணலை அள்ளினர். சர்க்கரை ஆலைகள் பல பழுதுற்றமையால், முற்றிய கரும்பு வயலிலேயே வீணாகும் நிலை நேர்ந்தது. உழவர்க்கு மாடு பூட்டி ஆட்டும் செக்குகள் வழங்கப்பெற்றன. கரும்பு ஆடினால் உழவன் தன் காலில் நிற்பான் அன்றோ! ஜவஹர்லால் நேரு முங்கேரில் மண்வெட்டி ஏந்தி இடிபாடுகளை அகற்றினார். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளரான பியேர் செரசோல் என்பார், தம் தோழர் சிலருடன் கடல் கடந்து வந்து, ஊரினரோடு சேர்ந்து மண் சுமந்து, புதிய குடியிருப்புகளை எழுப்பினார்.

நாடெங்கணுமிருந்து பணம் வந்து குவிந்தது. செல்வர் ஈந்ததும் அதிலுண்டு. கூலியாளர் ஈந்த காசும் அதிலுண்டு. இப்பணத்தைப் பல ஊர்களிற் பலர் கையாளவேண்டியிருந்தது. நல்லெண்ணம் உடையவரும் அவசரத்திற் கணக்கு எழுத மறப்பர். பின்னர் ஐயமும் பூசலும் விளையும். ஆதலின், இலண்டனிற் கணக்காய்வுத் துறையிற் பயிற்சி பெற்றவரான ஜே. சி. குமரப்பா, குழுவின் நிதி ஆலோசகராகப் பீகாருக்குச் சென்றார்.

தொண்டர்களின் உணவுச் செலவுக்கு நாளொன்றுக்குச் சில அணாக்களே அவர் வரையறுத்தார். அதற்கு மேற்பட்ட செலவை எவர்பொருட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. காந்தியடிகள் தம் குழுவினருடன் பீகாருக்கு வந்தபோது அவர்களுடைய உணவுச் செலவு இவ்வளவைக் கடந்தது. அச்செலவை நிவாரண நிதியில் எழுத இயலாது என்று குமரப்பா மகாதேவ தேசாயிடம் தெரிவித்தார். குமரப்பாவோ காந்தியடிகளைத் தம் தலைவராகக் கொண்டவர். காந்தியடிகள் இதனைக் கேட்டுச் சினந்தாரில்லை. தம் குழுவின் செலவுக்கு வேறு வழி செய்துகொண்டார்.